1976இல் பணவீக்கம் 1.2 வீதம்தான் என்றால் அப்பா ஏன் பாணுக்கு வரிசையில் நின்றார்?

வாணி_கொழும்பு6 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். இலங்கையின் பணவீக்க வரலாறு பற்றி ஒப்படை ஒன்று செய்ய வேண்டும். கொழும்புக் குடும்பங்கள் வாங்கும் சாமான்களின் விலையை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்து வருடவாரியாக ஒரு அட்டவணை போட்டேன். 1973இல் 9.6 வீதம், 1974இல் 12.3, 1975இல் 6.7. 1976, 1977 இரண்டு வருடமும் ஒன்றேகால் வீதமளவில்தான் நிற்கிறது. பிறகு 1978இல் 12.1, 1980இல் 26.1.

அட்டவணையைப் பார்த்த அப்பா, "இது எந்த நாட்டுக் கணக்கு?" என்று கேட்டார். அவர் சுன்னாகத்தில் வளர்ந்தவர். எழுபதுகளில் பள்ளிக்கூடம் போக முன்னம் விடியப்புறமே பாணுக்குப் போய் வரிசையில் நிற்பாராம். சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்ததாம். இரவில் பல நாள் மரவள்ளிக்கிழங்குதானாம். என் எண்களைப் பார்த்தால் அதுதான் விலையே ஏறாத காலம். கடைகளில் சாமான் நிறைந்திருந்தது என்று எல்லோரும் சொல்கிற 1980தான் ஆக மோசமான வருடம்.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று விளங்கவில்லை. அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள், கடை நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 2022 வரைக்கும் கொண்டுவந்து முடிக்க வேண்டும். 2022ஐ நானே கண்டிருக்கிறேன், எரிவாயு சிலிண்டரோடு தெருவில் நின்றிருக்கிறேன். முந்தியதுதான் பிடிபடவில்லை.


பழைய_சங்கக்கடைக்காரன் எழுதியது:

பிள்ளை வாணி, அப்பா சொல்வதும் உண்மை, நீர் எடுத்த எண்களும் உண்மை. நான் 1972 தொடக்கம் வலிகாமத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தவன். முதலில் கிளைக்கடையில் விற்பனையாளர், பிறகு முகாமையாளர். கூப்பன் கிழித்து அரிசி நிறுத்த கை இது. ஆனபடியால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

கடைக்கு முன்னால் ஒரு விலைப்பலகை தொங்கும். அரிசி, மா, சீனி, பருப்பு என்று எழுதி, எதிரில் கட்டுப்பாட்டு விலை. அந்த விலை மாதக்கணக்காக மாறாது. கொழும்பில் சுட்டெண்ணுக்கு விலை எடுக்கிறவர்களும் பங்கீட்டுச் சாமானுக்கு இப்படியான விலையைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். பலகையில் எழுதிய சாமான் இறாக்கையில் இருக்கிறதா என்பது அவர்களுடைய படிவத்தில் இல்லாத கேள்வி. சீனி வந்தால் முதல் நாளே முடியும். முடிந்த பிறகு வருகிற தாய்மாருக்கு நான் சொல்லக்கூடியது "அடுத்த கிழமை பாருங்கோ" என்பது மட்டும்தான். அவர்களில் வசதியுள்ளவர்கள் வேறு இடத்தில், பின்கதவால், பல மடங்கு விலைக்கு வாங்கினார்கள். அந்த விலை எந்தப் பலகையிலும் ஏறவில்லை, ஆகவே சுட்டெண்ணிலும் ஏறவில்லை.

இன்னொன்றையும் கவனியும். 1973 ஒக்டோபரில் இலவச அரிசிப் பங்கீட்டைப் பாதியாகக் குறைத்தார்கள். குடும்பத்துக்கு வருகிற அரிசி குறைந்ததைச் சுட்டெண்ணில் தேடினால் அதன் முழுப் பாரமும் அகப்படாது. ஒரு கொத்துக்கு என்ன விலை என்பதுதான் அதற்குத் தெரியும். அந்தச் சுட்டெண்ணின் கூடை வேறு மிகப் பழையது. 1949, 50ஆம் ஆண்டுகளில் கொழும்பு நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் எதை வாங்கினார்கள் என்று கேட்டு, 1952ஐ 100 என்று வைத்துச் செய்தது. உணவுக்கு மட்டும் 61.9 வீத நிறை. அதே கூடையைத்தான் 2007 வரைக்கும் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

ஏன் அரசாங்கம் விலையை ஏறவிடாமல் பிடித்தது என்று கேட்பீர். அதற்கு 1953க்குப் போக வேண்டும். கொத்து 25 சதத்துக்குக் கொடுத்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால். சூடுபட்டுச் செத்தார்கள். டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பிரதமர் பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் அரிசி விலை என்றால் ஒரு பயம். 1970இல் வந்த கூட்டரசாங்கம் இன்னும் கூடுதலாக அரிசி தருவோம் என்று சொல்லித்தான் வென்றது. வந்து மூன்று வருடத்தில் உலகச் சந்தையில் எண்ணெய், அரிசி, கோதுமை, சீனி எல்லாம் ஒன்றாக ஏறின. தேயிலைக்கு அந்த மாதிரி விலை கிடைக்கவில்லை. டொலர் இல்லை, ஆகவே சாமான் இல்லை. விலையை ஏற்றுவதற்குத் துணிவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மிஞ்சுவது வரிசைதான். அப்பா விடியப்புறம் நின்ற நேரம் இருக்கிறதே, அதுதான் அந்தப் பாணின் மீதி விலை. காசாகக் கேட்காமல் நித்திரையாகவும் பள்ளிக்கூட நேரமாகவும் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு பக்கக் கதை சொல்லாமல் விடமுடியாது. இறக்குமதி நின்றதால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது. சுன்னாகச் சந்தையில் செத்தல் மிளகாய் விற்றுப் பலர் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். அப்பாவின் வீட்டுக்குத் தோட்டக்காணி இருந்ததா என்று கேட்டுப் பாரும். ஒரே ஊரில், ஒரே வருடத்தில், பாணுக்கு நின்ற குடும்பமும் உண்டு, மிளகாயால் நிமிர்ந்த குடும்பமும் உண்டு. கன குடும்பங்கள் இரண்டையும் ஒன்றாகவே கண்டன. 1977க்குப் பிறகு இந்தியாவிலிருந்து மிளகாய் வந்து இறங்க அந்த விலை விழுந்தது.

இப்போது உமது 1980. ஜே.ஆர். ஜயவர்த்தன 1977 ஜூலையில் வென்று, அந்த வருட நவம்பரில் கட்டுப்பாடுகளைத் திறந்து விட்டார். டொலர் 16 ரூபாய்க்கு வந்தது. அதற்கு முந்தி ஒளித்து வைத்திருந்த விலைகள் வெளியே வந்தன. 1978, 79இல் நீர் காண்கிற ஏற்றத்தில் ஒரு பகுதி எழுபதுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்தது, பிந்திப் பதிவானது. அப்பா அதை 1974இலேயே கட்டிவிட்டார்.

ஆனால் 26.1 முழுவதையும் பழைய பாக்கி என்று எழுதிவிடாதையும். மகாவலி ஆற்று நீர்ப்பாசனத் திட்டத்தை முப்பது வருடத்தில் செய்யவேண்டியதை ஆறு வருடத்தில் செய்யப் புறப்பட்டார்கள். 1980இல் வரவு செலவுத் துண்டுவிழும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. எண்ணெய் இரண்டாம் முறையும் ஏறியது. அது புதுப் பணவீக்கம், அந்த வருடத்துக்கே சொந்தமானது. 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறக்குறைய 40,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் சிலர் கடைசிவரை நிமிரவே இல்லை. உமது ஒப்படையில் 26.1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்த 40,000ஐ எழுதும்.

உணவு முத்திரையையும் விட்டுவிடாதையும். 1978 ஜனவரியில் மாதம் 300 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள குடும்பங்களுக்கு அரிசிப் பங்கீட்டை வெட்டினார்கள். 1979 செப்டம்பரில் கூப்பனையே நிறுத்தி முத்திரை கொடுத்தார்கள். கூப்பன் என்பது அரிசி. முத்திரை என்பது ரூபாய். விலை ஏற ஏற முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நின்றது. நீர் வைத்திருக்கிற சுட்டெண்ணையே பெருக்கிப் பாரும், 1980க்கு 26.1, 81க்கு 18, 82க்கு 10.8, 83க்கு 14. நாலு வருடத்தில் முத்திரையின் பெறுமதி பாதிக்குக் கிட்ட வந்துவிடும். ஒருவரும் வெட்டுகிறோம் என்று அறிவிக்கவில்லை, பாராளுமன்றத்தில் வாக்கெடுக்கவில்லை. ஏழைச் சனத்தின் அரிசி பாதியாகிவிட்டது. என் வேலைக்காலத்தில் நான் கண்டவற்றில் எனக்கு ஆகக் கோபம் வந்தது இதற்குத்தான்.

தொண்ணூறுகளுக்கு வருகிறேன். உமது அட்டவணையில் 1990க்கு 21.5 என்று இருக்கும். அது கொழும்பின் எண். 1990 ஜூனுக்குப் பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் இருந்து அவுன்ஸ் கணக்குக்கு வந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சை நனைத்து, சின்னத் திரி போட்டு அதில் பிள்ளைகள் ஏ.எல். படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பருத்தித்துறைக்குக் கப்பல் வந்தால் சங்கத்துக்கு அரிசி, மா. கப்பல் பிந்தினால் ஊரே பிந்தும். அதே நேரம் கத்தரிக்காயும் வாழைக்குலையும் வெளியே கொண்டுபோக வழியில்லாமல் மலிந்து கிடந்தன. இதைச் சாதாரணப் பணவீக்கம் என்று எந்தப் புத்தகத்திலும் வகைப்படுத்த முடியாது. உள்ளே வருகிற பொருள் எல்லாம் எட்டாத விலை, உள்ளே விளைவது எல்லாம் விற்க முடியாத விலை. சம்பளம் எடுக்கிற ஆசிரியரும் விவசாயியும் இரண்டு பக்கத்தாலும் இடிபட்டார்கள்.

2022ஐப் பற்றி ஒரேயொரு சாமானை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மண்ணெண்ணெய் அந்த வருட ஓகஸ்ட் வரைக்கும் லீற்றர் 87 ரூபாய். பலகையில் 87, தாங்கியில் ஒன்றும் இல்லை. வடக்கில் சின்னப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. எத்தனையோ மீனவக் குடும்பங்கள் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தன. ஓகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் 340 ரூபாயாக்கினார்கள். சுட்டெண் துள்ளியது, அடுத்த மாதம் 69.8 வீதம். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு ஓகஸ்டைவிடச் செப்டம்பர் கெட்டது. 87க்கு எண்ணெய் இல்லாமல் வலையை மடித்து வைத்திருந்தவருக்கு அந்தக் கெட்ட மாதம் ஓகஸ்டோடேயே தொடங்கவில்லை, மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.


ஹற்றன்_மலர் எழுதியது:

ஐயா எழுதினதை இரண்டு தடவை படிச்சேன். ரொம்ப விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா ஒரு இடத்துல நான் ஒத்துக்கல்ல. கட்டுப்பாட்டு விலை எல்லாம் ஏமாத்துன்ற மாதிரி யாராவது எடுத்துக்கிட்டா அது தோட்டத்துக்குப் பொருந்தாது.

எங்க அம்மா 1973, 74ஐ பத்திப் பேசவே மாட்டாங்க. எங்களுக்கு மிளகாத் தோட்டம் இல்ல, வீட்டுக்குப் பின்னால மரவள்ளி போட ஒரு துண்டு நிலம்கூடச் சொந்தமில்ல. லயத்துல ஒரு காம்பிரா (அறை), மலையில கொழுந்து, மாசக் கடைசியில கையில வர்ற காசு, அவ்வளவுதான். சாப்பாடுன்னா கோதுமை மா ரொட்டி. மாவுப் பங்கீட்டைக் குறைச்சதும் சாப்பாடே போச்சு. அரிசியை ஒரு இடத்திலேருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகவும் தடை. 1974ல தோட்டங்கள்ல இறப்பு வீதம் கூடுனது பதிவுலயே இருக்கு, யாரும் மறுக்க முடியாது. தோட்டத் தமிழர்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு நாடும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பேர் குடுத்துட்டு யோசிச்சுக்கிட்டு இருந்த பல குடும்பங்க அந்தப் பசியிலதான் பெட்டியைக் கட்டுனாங்க. எங்க பெரியம்மா குடும்பம் அப்படிப் போனதுதான், இப்ப நீலகிரியில இருக்காங்க.

அந்தக் காலத்துல கூப்பனும் இல்லாம சந்தை விலைக்கே எல்லாத்தையும் விட்டிருந்தா, காசுள்ளவங்க வாங்கிக்கிட்டுப் போயிருப்பாங்க. எங்க லயத்துல இன்னும் நிறையப் பேர் செத்திருப்பாங்க. அதனால வரிசை இருந்துச்சேன்னு கூப்பனைக் குறை சொல்லாதீங்க.

வாணி, உங்க ஒப்படையில நாட்சம்பளத்தையும் போடுங்க. விலை மட்டும் போட்டா பாதிதான் தெரியும். எங்களுக்கு 2021 மார்ச்சுலதான், பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபா வந்துச்சு. 900 அடிப்படை, 100 படி. கை நிறையன்னு நெனைச்சோம். அப்ப கோதுமை மா கிலோ நூறு ரூபாச் சொச்சம். அடுத்த வருஷம் நடுவுல 300ஐத் தாண்டிருச்சு. அதே ஆயிரம்தான். அதுவும் பறிக்கிற கொழுந்துல கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான் (அரை நாள் கணக்கு) போடுவாங்க, ஐந்நூறு. அடிப்படை 1,350 ஆனது 2024லதான். நடுவுல இருந்த அந்த மூணு வருஷத்தை நாங்க எப்படிக் கடந்தோம்னா, பெரியவங்க ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டோம், பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புற நாளைக் கொறைச்சோம். சுட்டெண்ல அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல்ல.


மட்டுநகர்_ரவி எழுதியது:

விலைப்பலகைக்குப் பின்னால் இருக்கிற பணப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். மட்டக்களப்பில் வங்கியில் வேலை, திறைசேரி உண்டியல்களை (அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்களை) கையாளும் பிரிவில் சில காலம் இருந்தேன்.

மத்திய வங்கி 1950 ஓகஸ்டில் தொடங்கியது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். அதை உருவாக்கிய 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்திலேயே இரண்டு கதவுகள் திறந்திருந்தன. ஒன்று, அரசாங்கத்தின் வருடாந்த வருமான மதிப்பீட்டில் 10 வீதம் வரை மத்திய வங்கி முற்பணம் கொடுக்கலாம். மற்றது, திறைசேரி உண்டியல் விற்கும்போது வாங்க ஆள் இல்லாவிட்டால் மத்திய வங்கியே நேராக வாங்கலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கதவுகளால்தான் போய்வந்தார்கள். 1980இலும் அதுதான், யுத்தச் செலவு ஏறிய வருடங்களிலும் அதுதான். 1996இல் 15.9, 2001இல் 14.2, 2008இல் 22.6 என்று வாணியின் அட்டவணை அவ்வப்போது துள்ளும் இடங்களில் வெளிக் காரணமும் இருக்கும். மழை பொய்த்திருக்கும், எண்ணெய் ஏறியிருக்கும். ஆனால் மழை பொய்த்த எல்லா நாட்டிலும் விலை இப்படி இரட்டை இலக்கத்தில் நிரந்தரமாக ஏறுவதில்லை.

2009 முதல் 2020 வரை வருடச் சராசரி ஒற்றை இலக்கத்தில் இருந்தது. எங்கள் தலைமுறைக்கு அது புதிய அனுபவம். அதைக் குலைத்த விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாக்கினார்கள், அடுத்த மாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரியை நிறுத்தினார்கள். பிறகு கொவிட். வருமானம் இல்லை, செலவு நிற்கவில்லை, குறைந்த வட்டிக்கு உண்டியல் வாங்க யாரும் தயாரில்லை. மத்திய வங்கி வாங்கியது. 2019 முடிவில் அதன் கையில் இருந்த அரச பிணையங்கள் (அரசாங்கக் கடன் பத்திரங்கள்) 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 முடிவில் 2,500 பில்லியனுக்கு மேல். ஏலம் முடிந்து வரும் அறிவிப்புகளில் விற்றது எவ்வளவு, விற்காமல் மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, மிஞ்சியது எங்கே போகிறது என்று தெரியும். கிளைக்கு வந்து நிலையான வைப்பைப் புதுப்பித்த ஓய்வூதியக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய சேமிப்பின் கொள்வனவுப் பலத்தில்தான் அந்தக் கணக்குத் தீர்க்கப்பட்டது.

சங்கக்கடை ஐயா சொன்ன எழுபதுகள் 2021இல் அப்படியே திரும்பி வந்ததையும் வாணி கவனிக்க வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் அவசரகால ஒழுங்குவிதி, அரிசிக்கும் சீனிக்கும் உச்சவிலை, களஞ்சியங்களில் சோதனை. டொலரை 200 ரூபாயில் கட்டி வைத்திருந்தார்கள். அந்த விலைக்கு வங்கியில் டொலரே கிடைக்கவில்லை, ஆகவே இறக்குமதியாளர் சாமான் கொண்டுவரவில்லை. ஒக்டோபரில் பால்மா, மா, எரிவாயு, சீமெந்து ஆகியவற்றின் விலைக் கட்டுப்பாட்டை எடுக்க, 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,700 ரூபாய்க்குக் கிட்டப் போனது. 2022 ஏப்ரலில் 4,860. மார்ச்சில் டொலரை அவிழ்த்துவிட, மே மாதத்தில் 360. பெற்றோல் 92 ஒக்டேன் 177இலிருந்து ஜூன் கடைசியில் 470. ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டியை (வங்கிகளுக்கு மத்திய வங்கி வைக்கும் வட்டியை) ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி ஏற்றினார்கள். நான்கு நாள் கழித்து வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம்.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் உண்டியலை நேராக வாங்கும் கதவை மூடுகிறது, முற்பணக் கதவை நன்றாக ஒடுக்குகிறது. அதன் 86ஆம் பிரிவை வாணி கட்டாயம் வாசிக்க வேண்டும்.


வாணி_கொழும்பு6 எழுதியது:

ஐயா, மலர் அக்கா, ரவி அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. ஐயா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அப்பப்பாவுக்குக் குத்தகைக் காணியில் வெங்காயச் செய்கை இருந்ததாம். அந்த வெங்காயக் காசில்தான் பெரியப்பா பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாராம். இதை அப்பா இதுவரை எனக்குச் சொன்னதே இல்லை.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஒன்று, மலர் அக்கா சொன்னதற்கு ஐயாவின் பதில் என்ன? மற்றது, 2024 செப்டம்பரில் இருந்து பணவீக்கம் மறைக்கு, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, போனது, 2025 பெப்ரவரியில் மறை 4.2 வரைக்கும் இறங்கியது. ஆனால் எங்கள் வீட்டுச் செலவு 2021க்குத் திரும்பவில்லை. அத்தோடு 1952 அடிப்படையையும் 2021 அடிப்படையையும் ஒரே கோட்டில் வரையலாமா?


பழைய_சங்கக்கடைக்காரன் எழுதியது:

மலர் பிள்ளை சொன்னதை நான் மறுக்கமாட்டேன். கூப்பனையும் கட்டுப்பாட்டு விலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன். கூப்பன், இருக்கிற அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்தது. அரைக்கொத்தாக இருந்தாலும் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கிழித்த ஒவ்வொரு கூப்பனுக்கும் ஒரு ஆளின் சாப்பாடு பொறுப்பு. விலைப்பலகை அப்படி எதையும் பகிரவில்லை. 2021இல் பலகைதான் வந்தது, கூப்பன் வரவில்லை. 2022 ஓகஸ்டில் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை முறை நாடு முழுக்க வந்த பிறகுதான் வரிசை குறைந்தது. அது புதுக் கோலத்தில் வந்த கூப்பன்தான். அதே ஒழுங்கை ஆறு மாதம் முந்தி மாவுக்கும் பால்மாவுக்கும் செய்திருந்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இராச் சாப்பாடு தப்பியிருக்கும். தோட்டங்களில் 1974இல் நடந்ததைப் பற்றி நாங்கள் வடக்கில் அந்த நேரம் போதியளவு பேசவில்லை என்பதையும் இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பணவீக்கம் மறைக்குப் போன கதை: மறை 4.2 என்றால் முந்திய வருடத்து அதே மாதத்தைவிட அவ்வளவு குறைவு. மின்கட்டணமும் எரிபொருளும் குறைந்ததுதான் அதில் பெரும்பங்கு. 2022இல் சராசரி 46.4 வீதம் ஏறி, 2023இல் அதற்கு மேல் இன்னும் 17.4 ஏறியது. பெருக்கிப் பாரும், 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கியதற்கு 2023இல் 170க்கு மேல் வேண்டும். அந்த 170இல் நாலைந்து வீதம் இறங்கினால் எங்கே நிற்கும் என்று உமக்கே விளங்கும். 2025 ஓகஸ்டில் பணவீக்கம் திரும்பப் பூச்சியத்துக்கு மேலே வந்துவிட்டது. புதுச் சட்டத்தின் கீழ் வைத்த இலக்கு 5 வீதம். அதாவது இந்த உயர்ந்த இடத்திலிருந்து வருடத்துக்கு 5 வீதம் ஏறுவதுதான் இனி ஒழுங்கு. பழைய விலைக்கு ஒருவரும் திரும்பப் போவதில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் மேலே வந்து சேரவேண்டும், அதைத்தான் கேட்க வேண்டும்.

கோடு வரைவது பற்றி. 1952, 2002, 2006/07, 2013, 2021 என்று அடிப்படை மாறிக்கொண்டே வந்தது. கூடையும் மாறியது. சுட்டெண் எண்களை நேராக ஒட்டாதையும். வருட மாற்ற வீதத்தை மட்டும் ஒரு கோட்டில் போடலாம், அடிப்படை மாறிய இடத்தில் கோட்டை முறித்துக் காட்டும். 1970 முதல் 77 வரையான பகுதிக்கு வேறு நிறம் கொடுத்து, கட்டுப்பாட்டு விலைக் காலம் என்று அடியில் எழுதும். முழு நாட்டுக்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2013ஐ அடிப்படையாக வைத்துத்தான் தொடங்கியது. அதற்கு முந்திய எதையும் 'இலங்கையின் பணவீக்கம்' என்று தலைப்புப் போடாமல் 'கொழும்பின் பணவீக்கம்' என்று போடும். விரிவுரையாளர் கேட்டால் காரணம் சொல்ல உமக்கு இப்போது தெரியும்.

1990 முதல் 95 வரை யாழ்ப்பாணத்துக்கு என்று ஒரு நிரல் வைத்தால் அதற்குள் கொழும்பின் 21.5ஐயோ 1991இன் 12.2ஐயோ கொண்டுவந்து நிரப்பாதையும். வெறுமையாக விட்டு, பொருளாதாரத் தடை, விலை சேகரிக்கப்படவில்லை என்று எழுதும். அப்பா அந்த வருடங்களில் எங்கே இருந்தார்? ஊரில் இருந்திருந்தால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீனி என்று மூன்றே சாமானுக்கு அவருக்கு ஞாபகமுள்ள விலையைக் கேட்டு, அதே வருடக் கொழும்பு விலையோடு பின்னிணைப்பில் போடலாம். ஒருவரின் ஞாபகம் போதாது, நாலைந்து வீடுகளில் கேளும். என்னிடமும் கேளும், அந்தக் காலத்துச் சங்கக் கணக்குக் கொப்பிகளில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. பக்கங்களைப் படமெடுத்து இந்த வார இறுதியில் இங்கேயே போடுகிறேன்.